சோலார் சார்ஜர் ஒன்றரை வருஷ ரிவ்யூ: கார் மத்தியானம் வீட்ல நிக்குமான்னு முதல்ல பாருங்க

மொட்ட மாடில 5 கிலோவாட் பேனல், கீழ 40 யூனிட் பேட்டரி போட்ட கார் ஒண்ணு, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு, செவுத்துல மாட்டுற சார்ஜர் ஒண்ணு. இந்த ரிவ்யூ அந்த சார்ஜருக்குத்தான். ஆனா பேனலையும் காரையும் விட்டுட்டு அத மட்டும் தனியா பேச முடியாது, ஏன்னா இத விக்கிறதே "சோலார் மோட் இருக்கு சார், வீட்டுக்கு போக மிச்சம் ஆகுற கரண்ட மட்டும் காருக்கு குடுக்கும்"னு சொல்லித்தான். கம்பெனி பேர் போடல, சோலார் மோட் உள்ள எல்லா சார்ஜரும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வேல செய்யுது, அதனால பேரு ரொம்ப முக்கியம் இல்ல.

வேல செய்யற விதம் சிம்பிள்தான். மெயின் ஒயர சுத்தி ஒரு கிளாம்ப் மாட்டுவாங்க, அது வீட்லேர்ந்து எவ்ளோ கரண்ட் வெளிய லைனுக்கு போகுதுன்னு பாத்துட்டே இருக்கும், போறத பொறுத்து சார்ஜர் கார்கிட்ட "இப்ப இவ்ளோ ஆம்ப்ஸ் எடுத்துக்கோ"ன்னு சொல்லும். காருல சொருகற டைப் 2 பிளக்ல இதுக்குன்னே ஒரு சின்ன பின் இருக்கு. மேகம் வந்தா கொறைக்கும், போனா ஏத்தும். ஆப்ல கோடு ஏறி எறங்கறத முதல் வாரம் பூரா வேல வெட்டி இல்லாம பாத்துட்டே உக்காந்திருந்தேன், அது வேற விஷயம்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். இந்த பேச்சுவார்த்தைக்கு ஒரு கீழ் எல்லை இருக்கு, 6 ஆம்ப்ஸ். அதுக்கு கீழ காருக்கு சொல்லவே முடியாது, ஐஇசி 61851னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுலயே அப்படித்தான். 230 வோல்ட்ல 6 ஆம்ப்ஸ்னா சுமார் 1.4 கிலோவாட். அதாவது மிச்சம் 1.4 கிலோவாட் வந்தாத்தான் கார் சார்ஜ் ஆரம்பிக்கும். இது சிங்கிள் பேஸ் கணக்கு. எனக்கு வித்த ஆளு "த்ரீ பேஸ் எடுங்க, 11 கிலோவாட், சீக்கிரம் ஏறும்"னாரு, நானும் பெருசுன்னா நல்லதுதானேன்னு வாங்கிட்டேன். த்ரீ பேஸ்ல அந்த 6 ஆம்ப்ஸ் மூணு ஒயர்லயும் போகணும், அப்ப ஆரம்பிக்கவே 4.1 கிலோவாட் வேணும்! என் பேனல் 5 கிலோவாட்தான், அதுலயும் வீட்டு ஃப்ரிட்ஜ் ஃபேன் போக மிச்சம் எங்க 4.1க்கு வர்றது.

"5 கிலோவாட் பேனல்னா 5 வரும்ல"ன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். பேனல் மேல எழுதியிருக்கற நம்பர் செல் 25 டிகிரில இருக்கறப்போ லேப்ல எடுத்தது. நல்லா வெயில் காயற ஊர்ல மத்தியானம் பேனல் 65 டிகிரி வரைக்கும் கொதிக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் மாதிரி கொறையும், 40 டிகிரி ஜாஸ்தின்னா 14 சதவீதம் அங்கயே போச்சு. அப்புறம் தூசி, பேனல் கரண்ட வீட்டு கரண்டா மாத்தற இன்வெர்ட்டர்ல வீணாகறது எல்லாம் கழிச்சா உச்சி வெயில்ல எனக்கு 4 கிலோவாட் வந்தா பெருசு. வெளிச்சம்தான் கரண்ட் குடுக்குது, சூடு அத திங்குது. முதல் ரெண்டு வாரத்துல சோலார் மோட் ஒரே ஒரு நாள்தான் ஸ்டார்ட் ஆச்சு, அதுவும் மழ பெஞ்சு பேனல் குளுந்து பளிச்சுன்னு வெயில் அடிச்சப்போ ஒரு பத்து நிமிஷம், அவ்ளோதான் 😅

கஸ்டமர் கேர்ல "வெயில் பத்தல சார்"னாங்க. மண்ட காயற வெயில்ல நின்னுட்டு இத கேட்டா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க. கடசில வயரிங் பாக்கற எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் "சார் இத ஒரே பேஸ்ல போட்டுருவோம், உங்க சோலார் எந்த பேஸ்ல இருக்கோ அதே பேஸ்ல"ன்னு சொல்லி மாத்தி குடுத்தாரு. இப்ப அதிகபட்சம் 16 ஆம்ப்ஸ், 3.7 கிலோவாட். பேனல் குடுக்கறதுக்கும் இதுக்கும் அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கு. தெளிவான நாள்ல காலைல ஒம்பதரை வாக்குல ஆரம்பிச்சு மூணரை, நாலு வரைக்கும் ஏறுது. ஒரு பேஸ் மூணு பேஸ்னு தானா மாத்திக்கற சார்ஜரும் இருக்கு, வாங்கறப்போ அத கேட்டு வாங்குங்க.

கிளாம்ப் கூத்து தனி. அதுல ஒரு அம்புக்குறி இருக்கும், கரண்ட் வர்ற திசைய பாத்து மாட்டணும், இன்ஸ்டால் பண்ண வந்த பையன் திருப்பி மாட்டிட்டு போயிட்டான். வெளிய போறத உள்ள வர்றதுன்னும் உள்ள வர்றத வெளிய போறதுன்னும் நெனச்சுக்கிட்டு, பகல்ல சும்மா தூங்கும், ராத்திரி ஏசி போட்டா கார் சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். நாலு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சோம். மாட்டின உடனே ராத்திரில ஆப்ப தொறந்து பாருங்க, இருட்டுல சோலார் மிச்சம்னு காட்டுச்சுன்னா அம்பு தப்பு.

சரி, எல்லாம் சரியானப்புறம் எப்படி இருக்குன்னா, கார் இருந்தா சூப்பர். ஆனா நான் எட்டரைக்கு கெளம்புனா வீடு வர ஆறு மணி. வெயில் இருக்கறப்போ கார் இல்ல, கார் இருக்கறப்போ வெயில் இல்ல. வார நாள்ல இந்த சார்ஜர் செவுத்துல ஒரு பச்ச லைட், அவ்ளோதான் அதோட வேல. என்ன காப்பாத்துனது லீவு நாள்தான். வாரத்துக்கு ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டறேன், 100க்கு 15 யூனிட்னு வெச்சா 30 யூனிட் வேணும். சனி ஞாயிறு ரெண்டு நாளும் பேனல் நாளுக்கு 20 யூனிட் குடுக்கும், வீட்டுக்கு 6 போக 14, ரெண்டு நாளைக்கு 28, அதுல சார்ஜ் ஆகறப்போ வீணாகறது பத்து சதவீதம் போக பேட்டரிக்குள்ள 25 யூனிட் ஏறுது. மிச்ச 5 ராத்திரில சாதாரணமா போட்டுக்கறேன். சின்ன ஊர்ல தூரம் கம்மி, தினம் சார்ஜ் போட அவசியமே இல்ல, அதனாலதான் இந்த கணக்கு ஒத்து வருது. தினம் 100 கிலோமீட்டர் ஓடறவங்களுக்கு இது ஒத்தே வராது.

உண்மைய சொல்லணும்னா வீட்ல நெஜமான சோலார் வண்டி ஸ்கூட்டர்தான். அதோட சார்ஜர் 750 வாட், எந்த சோலார் மோடும் வேணாம், சாதா பிளக், பத்து மணிக்கு போட்டா ரெண்டு மணிக்குள்ள ஃபுல். வீட்ல அவங்க சாயந்தரம்தான் எடுப்பாங்க, மத்தியானம் சும்மாதான் நிக்கும். லேசா மேகமா இருந்தாலும் 750 வாட் பெரும்பாலும் வந்துரும், கார் மாதிரி 1.4க்கு காத்துட்டு கெடக்க வேணாம். நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒரு யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான் செலவு. இவ்ளோ பெரிய செட்டப்புல ரொம்ப நிம்மதியா ஓடறது அந்த சின்ன வண்டி.

செட்டிங்ல ரெண்டு விஷயம் மாத்துங்க. ஸ்டார்ட் டிலே, ஸ்டாப் டிலேன்னு இருக்கும், அதாவது மிச்சம் வந்தா எவ்ளோ நேரம் பொறுத்து ஆரம்பிக்கணும், கொறஞ்சா எவ்ளோ நேரம் பொறுத்து நிறுத்தணும்னு, கம்பெனி வெச்சது ரெண்டும் ரொம்ப கம்மி, துண்டு துண்டா மேகம் போற நாள்ல சார்ஜர் உள்ள இருக்கற ரிலே சுவிட்ச் டக்கு டக்குன்னு அடிச்சுட்டே இருக்கும், ஒரு தடவ கார் கோவிச்சுக்கிட்டு சார்ஜே எடுக்கல, கேபிள புடுங்கி மாட்ட வேண்டியதா போச்சு. நான் 5 நிமிஷம், 10 நிமிஷம்னு வெச்சிருக்கேன், நடுவுல கொஞ்சம் லைன் கரண்ட் போகும், போனா போவுது. இன்னொண்ணு, 6 ஆம்ப்ஸ்லயே நாள் பூரா ஓட்டாதீங்க, சார்ஜ் ஆகறப்போ கார் தன்னோட கம்ப்யூட்டர், பம்ப்னு சில மாடல்ல 200, 300 வாட் தானே தின்னுரும், 1.4 கிலோவாட்ல அது பெரிய பங்கு.

பவர் கட் ஆனா சோலார் வெச்சு சார்ஜ் பண்ணிக்கலாம்னு நெனச்சு வாங்காதீங்க. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் லைன் போன உடனே அதுவும் ஆஃப் ஆயிரும், எவ்ளோ வெயில் அடிச்சாலும். கம்பத்துல வேல செய்யறவங்களுக்கு நம்ம வீட்டு கரண்ட் ஷாக் அடிக்க கூடாதுன்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க, நியாயம்தான், ஆனா விக்கறப்போ யாரும் சொல்ல மாட்டாங்க.

என் காருல எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, வாரம் ஒரு தடவ 100 சதவீதம் வரைக்கும் ஏத்த சொல்லிருக்கு மேனுவல்ல, ஞாயித்துக்கெழம அது தானா நடந்துருது. இன்னொரு வகையான என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) பேட்டரின்னா தினசரிக்கு 80 சதவீதத்துல நிறுத்திக்கோங்க, ஃபுல் பண்ணி வெயில்லயே நிக்க வெக்காதீங்க.

ஹார்ட்வேருக்கு நாலர ஸ்டார், ஒன்றரை வருஷமா மழ வெயில் ரெண்டும் தாங்கிருச்சு. ஆப்புக்கு ரெண்டு, வைஃபை போனா சோலார் மோட மறந்துட்டு முழு கரண்ட்ல இழுக்குது. மொத்தமா மூணர. கார் பகல்ல வீட்ல நிக்கறவங்க தாராளமா வாங்கலாம், என்ன மாதிரி ஆபீஸ் போறவங்க ஒரு மாசம் சாதா சார்ஜர்ல டைமர் வெச்சு ஓட்டி பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வைஃபை விஷயமா மூணு மெயில் போட்டுட்டேன், அப்டேட் வருதுன்னு மூணு தடவையும் ஒரே பதில், வந்தா இதுல ஒரு ஸ்டார் ஏத்தறேன்.