ஏழு ரோட்டுப் பழைய புத்தகக் கடையும் அதன் அறுபதுகள் அலமாரியும்

கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து சற்றே சரிவில் இறங்கினால் வரும் இந்தப் பழைய புத்தகக் கடைக்கு மூன்று முறை சென்றுவந்த பிறகே இதை எழுதுகிறேன். தேர்வு வழிகாட்டிகளும் சமையல் நூல்களும் எங்கும் கிடைக்கும். இங்கே தேடிப்போக வேண்டியது, கல்லாவுக்குப் பின்னால் 1960களின் போராட்டங்களுக்கென ஒதுக்கியிருக்கும் அலமாரியை.

நாடு வாரியாகப் பிரிக்காமல் ஆண்டு வரிசையில் அடுக்கியிருப்பதே அதன் சிறப்பு. 1960இல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்த நான்கு கறுப்பின மாணவர்களைப் பற்றிய நூலுக்குச் சற்றுத் தள்ளி, இந்தித் திணிப்பை எதிர்த்த நம் 1965 மொழிப்போரின் வெளியீடுகள் நிற்கின்றன.

அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தேன். குண்டூசியின் துரு தாளில் இறங்கியிருந்தது. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தின்படி மத்திய அரசில் இந்தியோடு ஆங்கிலமும் ‘தொடரலாம்’ என்ற இடத்தில், ‘லாம்’ என்பதன் கீழ் மட்டும் யாரோ நீல மையால் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்ததை வெறும் உணர்ச்சிவேகம் என்று ஒதுக்குபவர்கள் அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். ‘தொடரும்’ என்ற உறுதி இல்லாவிட்டால், மத்திய அரசுப் பணித் தேர்வில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு சமமாக நிற்க முடியாது என்ற கணக்கு அவர்களிடம் தெளிவாக இருந்தது. தாய்மொழி மீதான பற்றும் அந்தக் கணக்கும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1967இல் சட்டம் திருத்தப்பட்டதும், மறு ஆண்டே தமிழகம் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றதும் அந்த ‘லாம்’ மீது எழுந்த கேள்விக்குக் கிடைத்த விடைகளே.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. 1968ஆம் ஆண்டின் தட்டில் பாரிஸ் மாணவர்கள் இருக்கிறார்கள், அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இல்லை. உரிமையாளரிடம் சொன்னேன். “விட்டுப்போச்சுங்க” என்று வருத்தத்துடன் குறித்துக்கொண்டார்.

விலை கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது, நியாயமானதே. மலை ஈரத்தில் ராமபாணப் பூச்சி அரித்த பிரதிகளும் கலந்திருப்பதால், வாங்குமுன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.