கரண்ட் கம்பியா, 10 வாட் எஃப்எம்மா?

அமெரிக்கக் கல்லூரி வானொலிகளின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம், மின்கம்பி வழியாக ஒலிபரப்புவது, 10 வாட் எஃப்எம்மில் ஒலிபரப்புவது என்ற இந்த இரண்டு வழிகளும் ஒரே காலத்தில் இருந்ததுதான்.

முதல் வழி, 1936-ல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் ஜார்ஜ் ஆபிரகாமும் டேவிட் போர்ஸ்ட்டும் தொடங்கிய வலையமைப்பிலிருந்து வளர்ந்தது. ஏஎம் சிக்னலை விடுதியின் மின்கம்பிகளுக்குள்ளேயே அனுப்பிவிடுவார்கள், அறையில் பிளக் பாயின்ட் பக்கத்தில் ரேடியோவை வைத்தால் பாட்டு கேட்கும், வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் காணாமல் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி சிக்னல் சரியாகப் போகாது என்பதால் கட்டடத்துக்குக் கட்டடம் தனி டிரான்ஸ்மிட்டர் வேண்டும், இரைச்சலும் உண்டு. ஆனால் உரிமம் தேவையில்லை. விளம்பரமும் போடலாம், செலவுக்குக் காசு அதிலிருந்தே வரும்.

எஃப்எம் வேறு மாதிரி. 1948-ல் எஃப்சிசி (அமெரிக்காவில் வானொலிகளுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பு) கல்வி வானொலி நிலையங்களுக்கு 10 வாட் உரிமத்தை அனுமதித்தது. ஒலி சுத்தமாக இருக்கும், வளாகத்துக்கு வெளியே ஊர்க்காரர்களும் கேட்கலாம். சரி, விளம்பரம்? கூடாது. அன்றைக்கு எஃப்எம் ரேடியோ வைத்திருந்தவர்களும் குறைவு.

பேசிப் பழக, தப்பு செய்து கற்க, கம்பி வழிதான் சிறந்தது என்பேன். ஊரோடு உறவு வேண்டுமென்றால் எஃப்எம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் 1978-ல் புதிய 10 வாட் நிலையங்களுக்கான கதவை எஃப்சிசி ஏறக்குறைய மூடிவிட்டது. பல பழைய நிலையங்கள் 100 வாட்டுக்கு மாறின.