வரிக்கணக்குப் பார்ப்பவரிடம் புரோபேட்டையும் கொடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

அந்தியேட்டிகூட முடிந்திருக்காது. கடைக் கணக்கும் வருடாந்த வரிப் படிவமும் இத்தனை காலம் பார்த்துவந்த கணக்காளர் துக்கம் விசாரிக்க வருவார். எழும்பும்போது, "அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அங்கிளின்ர கணக்கு முழுக்க என்னட்டத்தானே கிடக்கு, புரோபேட்டையும் நானே முடிச்சுத் தாறன்" என்று நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றை மேசையில் வைப்பார். புரோபேட் என்பது இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல குடும்பங்களின் காசு கரையத் தொடங்குவது அந்த மேசையில்தான். (ஸ்கொட்லாந்தில் நடைமுறையே வேறு, இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.)

அப்படிக் கையெழுத்திட்ட ஒரு வீட்டுக்கு வந்த பில்லைப் பாருங்கள். வீட்டின் பெறுமதி 600,000 பவுண், கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுரிமை. கணவர் பெயரில் மட்டும் இரண்டு வங்கிகளில் 45,000, 35,000. உயில்படி எல்லாம் மனைவிக்கு. பில்லில் ஒரே ஒரு வரி: "எஸ்டேட் நிர்வாகம், மொத்தப் பெறுமதியில் 3%". எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து. 380,000க்கு 11,400. அதன்மேல் 20% வாட் 2,280. ஆக 13,680 பவுண்.

380,000 எப்படி வந்தது? வீட்டில் கணவரின் பாதியான 300,000ஐயும் கூட்டியிருக்கிறார்கள். வாரிசு வரிக்கான கணக்கில் அந்தப் பாதி சேரும், அதில் பிழையில்லை. ஆனால் கூட்டுரிமை வீடு உயிரோடு இருப்பவருக்குத் தானாகவே போய்விடும். உயிலுக்கும் புரோபேட்டுக்கும் அங்கே வேலையே இல்லை. காணிப் பதிவகத்துக்கு டி.ஜே.பி. படிவத்தையும் மரணச் சான்றிதழையும் அனுப்பினால் இறந்தவரின் பெயரை எடுத்துவிடுவார்கள், கட்டணமும் கிடையாது. அந்த ஒற்றைப் படிவத்துக்கு வாட்டோடு 10,800 பவுண் எடுத்திருக்கிறார்கள். மிச்ச 80,000க்காவது புரோபேட் வேண்டுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். பல பெரிய வங்கிகள் 50,000 பவுண் வரை புரோபேட் கேட்காமலே கொடுக்கும். வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். மரணப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால் காணிப் பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். அதில் 'ஃபார்ம் ஏ' கட்டுப்பாடு பதிவாகியிருந்தால் அநேகமாக அது பங்குரிமை வீடு, அதாவது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு உள்ள வீடு. அப்போது இறந்தவரின் பங்கு உயில்வழியே போகும், புரோபேட்டும் வேண்டும்.

சதவீதம் பேசுகிறவரிடம் "எதன் சதவீதம்?" என்று கேளுங்கள். மொத்தமா, கடன் கழித்த பிறகா, புரோபேட் தேவைப்படும் சொத்து மட்டுமா? 220,000 மோர்ட்கேஜ் உள்ள வீட்டுக்கு மொத்தப் பெறுமதியில் 3% என்றால், வங்கிக்குச் சேரவேண்டிய கடனுக்கும் நீங்கள் 6,600 பவுணும் வாட்டும் கொடுக்கிறீர்கள். நிலையான தொகையோ, உச்ச வரம்போடு மணிக்கணக்கோ எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பில்லைவிட மோசமானது உரிமப் பிரச்சினை. இந்த நாட்டில் 'கணக்காளர்' என்று போர்டு போட எந்தத் தகுதியும் தேவையில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு புரோபேட் விண்ணப்பம் தயாரிப்பது 2007ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் சட்டப்படி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட வேலை. உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஐ.சி.ஏ.ஈ.டபிள்யூ என்ற பட்டயக் கணக்காளர் அமைப்பு 2014 முதல் தன் கீழுள்ள நிறுவனங்களுக்கு இந்த உரிமத்தை வழங்குகிறது. சுவரில் தொங்கும் பட்டயக் கணக்காளர் சான்றிதழ் வேறு, புரோபேட் உரிமம் வேறு. உரிமம் இருந்தாலும் தகராறில்லாத புரோபேட் மட்டும்தான். உயிலை யாராவது எதிர்த்தால் சொலிசிட்டரிடம் போகவேண்டும்.

உரிமம் இல்லாதவர் எப்படிச் சமாளிக்கிறார்? உங்கள் மின்னஞ்சலில் அரச இணையத்தளத்தில் கணக்குத் திறந்து, நீங்களே சொந்தமாக விண்ணப்பித்ததுபோல நிரப்பிவிடுவார். உண்மை உறுதிமொழி உங்களுடையது, பிழை வந்தால் மாட்டுவதும் நீங்கள். சட்ட சேவை முறைப்பாடுகளைப் பார்க்கும் சட்டக் குறைதீர்ப்பாளர் (லீகல் ஒம்புட்ஸ்மன்) விசாரிக்கக்கூடியது புரோபேட் உரிமம் பெற்ற கணக்காளர் நிறுவனங்களைத்தான். "உங்கட பெயரிலயே போடுவம், அது கெதியா வரும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

வருமான வரியில் கைதேர்ந்தவர்கள் சறுக்குகிற இன்னொரு இடம் தவணைத் தேதி. அவர்கள் தலைக்குள் ஜனவரி 31தான் ஓடிக்கொண்டிருக்கும். வாரிசு வரி அப்படியல்ல. மரணம் நடந்த மாதம் முடிந்து ஆறாவது மாத இறுதிக்குள் வரி கட்டவேண்டும். மார்ச் 10 இறந்தவருக்குக் கெடு செப்டம்பர் 30. வாரிசு வரிக் கணக்கைக் காட்டும் ஐ.எச்.டி.400 படிவத்துக்கு அடுத்த மார்ச் 31 வரை நேரம் உண்டு. இந்த இரண்டு தேதியையும் குழப்பிக்கொண்டு, படிவத்தோடு சேர்த்துக் கட்டலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 2025 ஏப்ரல் 6 முதல் தாமத வட்டி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 4 புள்ளி.

வரி கட்டக் கையில் காசில்லை என்றதும் இடைக்காலக் கடனைக் காட்டுவார்கள், கடன் தரும் இடமும் அவர்களே சொல்லும் இடமாக இருக்கும். முதலில் ஐ.எச்.டி.423ஐக் கேளுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கிலிருந்தே, புரோபேட் வருவதற்கு முன்பே, வரித்துறைக்கு நேரடியாகக் காசு அனுப்பவைக்கும் படிவம் அது. அதற்கு வாரிசு வரி இலக்கத்தை, காசு கட்டுவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே எடுத்திருக்கவேண்டும். வீட்டுக்குரிய வரியைப் பத்து வருடத் தவணையாகவும் கட்டலாம்.

தாயும் போய்விட்ட வீடுகளில்தான் பெரிய தொகை தவறுகிறது. வீடு 600,000, சேமிப்பு 130,000, எல்லாம் பிள்ளைகளுக்கு. தாயின் சொந்த வரியில்லா வரம்பு 325,000, வீட்டுக்கான மேலதிக வரம்பு 175,000, சேர்த்து 500,000. மிச்சம் 230,000க்கு 40% என்று 92,000 பவுண் வரி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முன்பே இறந்த தகப்பன் பாவிக்காத வரம்புகளை ஐ.எச்.டி.402, 436 படிவங்களில் கேட்டிருந்தால் வரி பூச்சியம். கேட்பதற்கு, தாய் இறந்த மாத முடிவிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. கட்டி முடித்தவர்களும் இந்த இரண்டு படிவங்களும் தங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

"குறைச்சுப் போட்டால் வரி குறையும்" என்று வீட்டுக்கு 450,000 எழுதுவதும் உண்டு, வரியே வராத எஸ்டேட்டில்கூட. அது 520,000க்கு விலைபோனால் 70,000 இலாபம். எஸ்டேட்டின் விலக்கு 3,000 போக 67,000க்கு 24%, அதாவது 16,080 பவுண் மூலதன ஆதாய வரி. விற்பனை முடிந்து 60 நாளுக்குள் அறிவித்துக் கட்டவும் வேண்டும். வாரிசு வரி வராத எஸ்டேட்டில் அந்த 450,000ஐ வரித்துறை ஆராய்ந்து தீர்மானித்திருக்காது. அதனால் இறந்த நாளின் உண்மைப் பெறுமதியைப் பட்டய சர்வேயரின் அறிக்கையோடு காட்டித் திருத்த வழியுண்டு. வீட்டு விலை இணையத்தளத்தின் ஸ்கிரீன்ஷொட் இதற்குச் செல்லாது.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்களுக்கு: ஒப்பந்தம் உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்தானால், இரத்துசெய்ய 14 நாள் உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முறைப்பாட்டை எழுத்தில் அந்த நிறுவனத்துக்கே கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், உரிமம் உள்ள நிறுவனமாக இருந்தால், சட்டக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50,000 பவுண் வரை இழப்பீடு சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. உயிலிலேயே கணக்காளரை எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) போட்டிருந்தால், அவர் வேலையைத் தொடங்குவதற்கு முன் பி.ஏ.15 படிவத்தில் விலகச் சொல்லிக் கேளுங்கள்.

கோப்பைத் திருப்பி வாங்கும்போது அசல் உயிலும் வந்ததா என்று நின்று பாருங்கள். ஃபோட்டோகொப்பி எடுப்பதற்காக அதன் ஸ்டேப்பிளைக் கழற்றவேண்டாம். வெற்றுத் துளை கண்ணில் பட்டால், இன்னொரு தாள் இருந்ததா என்று புரோபேட் பதிவகம் எழுத்தில் விளக்கம் கேட்கும், அதுவரை விண்ணப்பம் நகராது.