சுவைக்கு ஐந்து நட்சத்திரம், உறைக்கு ஒன்று

இந்த உணவகத்தின் சுவையில் குறையே இல்லை. மேசைக்கு வந்து நலம் விசாரித்த முதலாளியும் பிழைக்க வந்து முன்னுக்கு வந்தவர்தான். கை கழுவப் போனபோது பின்கட்டில் பாத்திரம் கழுவும் பையனைப் பார்த்தேன். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. விசா இல்லை, அதனால் சம்பளச் சீட்டும் இல்லை. வாரக் கடைசியில் உறையில் ரொக்கம், அதிலும் மாடி அறைக்குப் பிடித்தம். முதல் மாதச் சம்பளம் ‘என்னிடமே இருக்கட்டும்’ என்று முதலாளியிடமே நின்றுவிட்டதாம். நானும் அப்படி நின்றவன்தான். ‘அண்ணன்’ என்று கூப்பிடச் சொல்வார்கள். கணக்குக் கேட்டால் அண்ணன் காணாமல் போய்விடுவார். ஆவணம் இல்லாதவருக்கும் செய்த வேலைக்குக் கூலி உண்டு என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை. டிப்ஸை அவன் கையிலேயே கொடுத்தேன். கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.