இணைப்பட அட்டைப் பெட்டி: ஒரு சிறப்பாசிரியரின் மதிப்பீடு

450 ரூபாய்க்கு 40 அட்டைகள் கொண்ட இந்தப் பெட்டியில், ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்தில் ஒரு படமும் பின்பக்கத்தில் அதன் இணைப் படமும் உள்ளன. முன்பக்கத்தைக் காட்டி, பின்னால் இருப்பது என்னவென்று குழந்தையிடம் கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் இதைப் பயன்படுத்தினேன். அட்டைகள் கனமானவை, எச்சில் பட்டாலும் ஊறுவதில்லை. அச்சும் தெளிவாக இருக்கிறது.

முதல் பாதி பூட்டு–சாவி, ஊசி–நூல் போன்ற இணைகள். இவற்றுக்குச் சரியாக விடை சொல்லும் குழந்தை வீட்டில் பார்த்ததைச் சொல்கிறதே தவிர, புதிதாக எதையும் கற்பதில்லை. யானை–குடம், செருப்பு–நிலா என்று தொடர்பற்ற இணைகள் வரும் இரண்டாம் பாதியில்தான் கற்றல் தொடங்குகிறது. அங்கே மற்றக் குழந்தைகளில் சிலர் யாரும் சொல்லித்தராமலே இரண்டையும் சேர்த்து ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அந்தக் கதையை நாம் கொடுத்தால் அவர்களும் பிடித்துக்கொள்கிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களிடம் உளவியலாளர்கள் ஜென்சனும் ரோவரும் 1963இல் நடத்திய ஆய்வில், இரு பொருள்களையும் இணைக்கும் வாக்கியம் தரப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வெகு விரைவாகக் கற்றார்கள். 1970களில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டர்ன்யூரும் தர்லோவும், வாக்கியம் தருவதோடு நிற்காமல் ‘ஏன்’ என்று கேட்டுக் குழந்தையையே விடை தேடவைக்கும் முறையை ஆராய்ந்தார்கள். “யானை ஏன் குடத்துக்குள்ள தும்பிக்கைய விட்டுச்சு?” என்று நான் கேட்டபோது, டவுன் நோய்க்குறியுள்ள ஒரு சிறுமி “உள்ள பாயசம் இருக்கு” என்றாள். அதன் பிறகு அந்த இணையை அவள் தவறவிட்டதே இல்லை.

இப்படிப்பட்ட ஒரு கேள்விகூடப் பெட்டியுடன் வரும் கையேட்டில் இல்லை என்பது பெரிய குறை. அதைவிடப் பெரிய குறை, இரு படங்களும் அட்டையின் இரு பக்கங்களில் இருப்பதால் குழந்தை அவற்றை ஒருபோதும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பதே. ஒன்றோடொன்று ஏதோ செய்வதுபோல வரைந்த படங்கள் குழந்தைகளின் மனத்தில் நன்றாகப் பதிகின்றன என்பது 1965இல் உளவியலாளர் ரீஸ் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி. நான் குடத்துக்குள் தும்பிக்கை விட்ட யானையைத் தனித்தாளில் வரைந்து, அதைக் காட்டிய பிறகே அட்டையை எடுத்தேன்.

பெட்டியிலுள்ள மணற்கடிகாரத்தை ஒதுக்கிவைப்பதே நல்லது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்குத் தேர்ச்சி பெற மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல் சுற்றுகள் தேவைப்படுகின்றன. ஆனால் அதே அளவு தேர்ச்சி வரும்வரை பொறுமையாகப் பயிற்சி தந்தால், பின்னர் மறப்பதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே பல ஆய்வுகள் கண்டுள்ளன. மணலைப் பார்த்துப் பதறும் குழந்தைக்கு அந்தத் தேர்ச்சி கிட்டுவதே இல்லை. வயதுக்கு இத்தனை இணை என்று கையேடு போட்டிருக்கும் அட்டவணையும் பெற்றோரை வீணாகக் கலங்கவைக்கிறது. அதை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

கூடவே உட்கார்ந்து கேள்வி கேட்க ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் வகுப்புக்கும் இதை வாங்கலாம். குழந்தை தனியாக விளையாடட்டும் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். அடுத்த பதிப்பில் இரு படங்களையும் ஒரே காட்சியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஏன்’ கேள்வியையும் அச்சிடுமாறு தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.