ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் ‘சிறுநீரகம் போய்விட்டது’ என்றார்கள்: நீரிழிவுப் பூனை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

நீரிழிவு உள்ள உங்கள் பூனைக்குச் சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று ஒரு மருத்துவமனை சொன்னால், சிறுநீரைப் பரிசோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். எங்கள் பூனைக்கு அதைச் செய்யாமலேயே முற்றிய சிறுநீரக நோய் என்று ஒரு மருத்துவமனை முடிவு கட்டியது. அந்த முடிவைக் காட்டியே உணவையும் மருந்துகளையும் எங்களிடம் விற்றது. பின்னர் இன்சுலினை மாற்றியபோது பொருந்தாத சிரிஞ்சைத் தொடரச் சொல்லி அவன் உயிருக்கே உலை வைத்தது.

அவனுக்கு வயது 12. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. ஓயாமல் தண்ணீர் குடிப்பதும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதும், பின்னங்கால்களின் கணுப்பகுதி தரையில் படியும்படி நடப்பதுமாக இருந்ததால்தான் அழைத்துச் சென்றோம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 412 மில்லிகிராம் இருந்தது. பயந்த பூனைக்குச் சர்க்கரை தற்காலிகமாக மிக உயரக்கூடும் என்பதால், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் செய்வது முறை. அது செய்யப்படவில்லை. ஆயினும் அறிகுறிகள் தெளிவாக இருந்ததால், நீரிழிவு என்று அவர்கள் சொன்னதில் எனக்கு மனக்குறை இல்லை. அதே இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.4 என்று வந்ததும், ‘மூன்றாம் நிலைச் சிறுநீரக நோய், சில மாதங்கள்தான்’ என்று நின்றபடியே சொல்லி முடித்ததுதான் இத்தனைக்கும் தொடக்கம்.

பூனையின் இரத்தச் சர்க்கரை சுமார் 250 முதல் 290 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. சர்க்கரை சிறுநீரில் கசிந்து, போகும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்லும். குடிக்கும் தண்ணீர் இந்த இழப்பை ஈடுகட்டாதபோது உடல் வறண்டுவிடும். வறண்ட உடலில் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் ஏறும். ஐரிஸ் என்று அழைக்கப்படும் பன்னாட்டுச் சிறுநீரக நிபுணர் குழு நோயை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. பூனைகளுக்குக் கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. ஆனால், உடலில் நீர்ச்சத்து சரியாகி, பூனை சீரான நிலையில் இருக்கும்போது, குறைந்தது இரண்டு முறை பரிசோதித்த பிறகே நிலையைக் குறிக்க வேண்டும் என்பதையும் அதே குழு வலியுறுத்துகிறது. எங்கள் பூனையின் தோலைத் தூக்கி விட்டால் கூடாரம்போல் அப்படியே நின்றது. ஈறு பசைபோல் ஒட்டியது. உடல் வறண்டிருக்கிறது என்பது மேசையருகில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றே எங்களிடம் விற்கப்பட்டவை சிறுநீரக நோய்க்கான உலர் உணவு, பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் பொடி, ‘சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்’ மூலிகைச் சொட்டு மருந்து ஆகியவை. சொட்டு மருந்தின் புட்டியில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்ற விவரமே அச்சிடப்படவில்லை. பொடியைக் கொடுத்தவர்கள் இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்க்கவில்லை. இன்சுலின் செலுத்தும்போது பாஸ்பரஸ் இரத்தத்திலிருந்து செல்களுக்குள் நகரும். அது மிகவும் தாழ்ந்தால் சிவப்பணுக்கள் உடையும். இன்சுலின் தொடங்கும் பூனைக்கு அளவு பார்க்காமல் அந்தப் பொடியைக் கொடுப்பது, தேவையற்ற செலவு என்பதோடு நின்றுவிடும் விஷயமல்ல.

உணவில்தான் இந்த இரு நோய்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. நீரிழிவுப் பூனைக்குப் புரதம் கூடுதலாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் வேண்டும். சிறுநீரக உணவிலோ புரதமும் பாஸ்பரசும் குறைக்கப்பட்டு, அந்த இடத்தைக் கொழுப்பும் மாவுச்சத்தும் நிரப்புகின்றன. சிறுநீரக நோய் உண்மையிலேயே முற்றியிருந்தால் சிறுநீரக உணவுக்கே முன்னுரிமை தந்து, அதற்கேற்ப இன்சுலினைச் சரிசெய்வார்கள். அந்த முடிவை எடுக்க நோயின் நிலை உறுதியாகத் தெரிய வேண்டும். எங்களுக்கு அது தெரியாமலேயே அந்த உணவு தரப்பட்டது. சர்க்கரை இறங்கவே இல்லை. 12 மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு அளந்து, இன்சுலின் எப்போது வேலை செய்கிறது, எவ்வளவு இறக்குகிறது என்று பார்க்காமல், தொலைபேசியிலேயே 2 யூனிட்டை 3 ஆக்கினார்கள். வீட்டில் அளந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ‘அதெல்லாம் உங்களால் முடியாது’ என்ற பதில் வந்தது. பூனையின் காது ஓரத்தில் ஒரு சிறு குத்து, ஒரு துளி இரத்தம் போதும்; பெரும்பாலான பூனைகள் பழகிக்கொள்கின்றன. மனிதர்க்கான கருவி பூனையின் இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் தந்த இன்சுலின் யு-40 வகை, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சும் தந்தார்கள். சர்க்கரை இறங்காததால் கிளார்ஜின் என்னும் யு-100 இன்சுலினுக்கு மாற்றியபோது, சிரிஞ்சையும் மாற்ற வேண்டுமா என்று தெளிவாகவே கேட்டோம். ‘அதே ஊசி, அதே 3 யூனிட்’ என்றார்கள். யு-40 சிரிஞ்சின் ஒரு கோடு 0.025 மில்லிலிட்டர், யு-100 மருந்தை அதில் ஏற்றினால் ஒவ்வொரு கோட்டுக்கும் 2.5 யூனிட் உள்ளே போகும். ஐந்து கிலோகூட இல்லாத பூனைக்கு, வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு யூனிட்டில் தொடங்க வேண்டிய இன்சுலின், 7.5 யூனிட் ஏறியது.

சில மணி நேரத்தில் அவன் உணவுக் கிண்ணத்தின் அருகில் நின்றும் அதைப் பார்க்கவில்லை. தலை ஆடியது, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின, பிறகு பக்கவாட்டில் சரிந்து உடல் வெட்டி இழுக்கத் தொடங்கியது. வீட்டிலிருந்த கருவியில் சர்க்கரை 38 என்று ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து காட்டியது. மருத்துவமனையை அழைத்தால், ‘சிறுநீரகம் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். எண்ணைச் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார்கள். குளுக்கோஸ் கரைசலை விரலால் ஈறில் தேய்த்துக்கொண்டே வேறொரு அவசரச் சிகிச்சை மையத்துக்கு ஓடினோம். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்; ஈறில் தேய்த்துக்கொண்டே விரைய வேண்டியதுதான்.

அங்கிருந்த மருத்துவர் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலை ஏற்றி அவனை மீட்ட பிறகு எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, ‘எந்த சிரிஞ்சில் போட்டீர்கள்?’ என்பதே. மருந்துப் புட்டியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் 100 என்றும் மற்றதில் 40 என்றும் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். கழிவிரக்கத்துக்கு இடம் தராமல் அடுத்த வேலையைத் தொடங்கினார். சிறுநீரை எடுத்துச் சர்க்கரை, கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்), புரதம், அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்ததோடு, கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பினார். இரத்த அழுத்தத்தையும் அளந்தார். சிறுநீரில் நோய்த்தொற்று இருந்தது. நீரிழிவுப் பூனைகளுக்கு அது அடிக்கடி வருவது. அத்தொற்றே இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கும். முதல் மருத்துவமனை அளவைக் கூட்டிக்கொண்டே போனதற்குப் பதில் ஒரு குப்பி சிறுநீரை எடுத்திருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

தொற்று தீர்ந்து, நீர்ச்சத்தும் சரியான பின் கிரியேட்டினின் 1.9, சில வாரங்கள் கழித்து 1.8. நீரிழிவில் தசை கரைந்த பூனைக்குக் கிரியேட்டினின் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டக்கூடும் என்பதால், தசை அளவால் அதிகம் பாதிக்கப்படாத எஸ்.டி.எம்.ஏ. என்னும் மற்றொரு சிறுநீரகக் குறியீட்டையும் இரத்தத்தில் பார்த்தார், அது 19. பாஸ்பரஸ் 4.1. ஆகவே இரண்டாம் நிலையில் சிறுநீரக நோய் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய நிலையில் பொடிக்கு வேலையில்லை. பாஸ்பரஸ் மிதமாக உள்ள, மாவுச்சத்து குறைந்த ஈர உணவே அவனுக்குப் போதும் என்றார். இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது தளர்ந்தால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால், அளவைக் குறைவாகத் தொடங்கி, வீட்டிலேயே அளந்து, மெதுவாக உயர்த்தினோம்.

நடந்ததைச் சொல்லி விளக்கம் கேட்கப் போனபோது, பழைய மருத்துவமனை ‘ஊசி பயமாக இருந்தால் மாத்திரைக்கு மாற்றித் தருகிறோம்’ என்றது. பூனைகளின் நீரிழிவுக்கான பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால், முன்பு இன்சுலின் பெற்ற பூனைகளுக்கும் இப்போது பெறுபவற்றுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறிப் பூனை இறந்துபோகும் ஆபத்து அதில் உண்டு.

எனவே, ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையின் நகலையும் அன்றன்றே கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு வாய்மொழியாகவே சொல்லப்பட்ட முதல் அறிக்கையைப் பெறுவதற்கு எழுத்துமூலமாகக் கேட்க வேண்டியிருந்தது. இன்சுலின் பெயர் மாறும்போதெல்லாம் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை ஊசி போடுவதற்கு முன் மருத்துவரையே பார்க்கச் செய்யுங்கள். யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் ஏற்றினால் ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட்தான் போகும். அது உடனே கொல்லாது, ஆனால் சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகவைக்கும். கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடம் அறிக்கைகளையும் சிரிஞ்சின் படத்தையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை இன்னும் முடியவில்லை.