குடிநீருக்கு மண்பானையா, பிரிட்ஜா?

கோடையில் கடலூர், புதுச்சேரி வீடுகளில் எழும் கேள்வி இது.

செலவு: பானைக்கு வாங்கும் விலை மட்டுமே. பிரிட்ஜுக்கு மாதாமாதம் மின்கட்டணமும் உண்டு.

குளிர்ச்சி: பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் நம் ஊரில் இது சற்று மந்தம்தான். நிழலான சன்னலோரத்தில், ஈரமணல்மேல் வையுங்கள்; நல்ல வித்தியாசம் தெரியும். சில்லென்று வேண்டுமானால் பிரிட்ஜ்தான்.

பராமரிப்பு: பானை உடையும். உப்புநீரால் துளைகள் அடைபடும். தேங்காய் நாரால் தேய்க்கலாம், சோப்பு கூடவே கூடாது.

மின்தடை: 2011 டிசம்பரில் ‘தானே’ என்ற புயல் அடித்தபோது பிரிட்ஜ்கள் வெறும் அலமாரிகளாயின. பானைக்கு மின்சாரமே வேண்டாம்.

பால், மீன், மருந்துக்குப் பிரிட்ஜ் அவசியம். தாகத்துக்கு என் தேர்வு வில்லியனூர்ப் பக்கத்துச் சுடுமண் பானை.